இல்லாத ஆக்சைடு

மார்ச் 19, வியாழன்

எழுந்ததும் முதல் வேலையாகக் குழாயைத் திறந்து, உள்ளங்கையில் பிடித்த தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு; அதற்கு அடியில் மெல்லிய கசப்பு. மெக்னீசியம் அதிகம். சோப்பு நுரைக்காது, பருப்பு சீக்கிரம் வேகாது. அறையில் என்னோடு தங்கியிருக்கும் பெனடிக்டா மேடம் கட்டிலில் உட்கார்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். இயற்பியல், தூத்துக்குடிக்காரர்.

"என்னம்மா, கெமிஸ்ட்ரிக்காரிய எதையும் நக்கித்தான் பாப்பியளோ?"

"ஆமா மேடம். சயனைடா இருந்தா பிசிக்ஸ்காரங்க தப்பிச்சுக்கலாம்."

சிரித்தார். பழகிவிடலாம் என்று தோன்றியது.

நேற்று மாலை வந்து சேர்ந்தோம். மூடிப்போன ஒரு பொறியியல் கல்லூரியின் விடுதி. பெரம்பலூரைத் தாண்டியதும் வேனின் திரைகளை இழுத்துவிட்டார்கள். அதன் பிறகு எந்தப் பக்கம் திரும்பினோம் என்று தெரியாது. பல கல்லூரிகள் கூட்டாக நடத்தும் நுழைவுத் தேர்வு இது. தேறுகிற பிள்ளைகளுக்குப் படிப்பு, விடுதி எல்லாம் இலவசம். வினாத்தாள் தயாரித்து, இங்கேயே அச்சடித்து, கட்டி அனுப்பிவிட்டு, ஏப்ரல் 12 அன்று தேர்வு முடிகிறவரை நாங்கள் யாரும் வாசலைத் தாண்டக் கூடாது. கைபேசிகளைத் துணிப்பையில் போட்டு அரக்கு வைத்துவிட்டார்கள். ஜன்னல்களில் பிளைவுட் அடித்திருக்கிறது.

"நம்ம ரத்த சொந்தம் யாரும் இந்தப் பரீட்சை எழுதலன்னு ஒரு உறுதிமொழி, அவ்வளவுதாம்மா" என்று தாள்களை நீட்டினார் முகாம் தலைவர் சிவஞானவேல் சார். ஆசிரியர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். மீறினால் அந்தப் பிள்ளையின் தேர்வு ரத்தாகும் என்று சின்ன எழுத்தில் இருந்தது. சார் கணிதப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் கல்லூரி நிர்வாகக் குழுவில் இருக்கிறார். என்னை இங்கே அழைத்ததும் அவர்தான். நாட்குறிப்பு எழுதலாமா என்று கேட்டேன். "எழுதுங்களேன். எல்லாம் முடிஞ்சுதானே வெளிய போகப்போறீங்க?" என்றார்.

இன்று காலை நான் யாருக்கும் காப்பி போடவில்லை.

மார்ச் 21, சனி

வேதியியலுக்கு நான் ஒருத்திதான். இன்று வேதிச் சேர்க்கை விதிகளில் கேள்விகள் முடிந்தன. எனக்குப் பிடித்த பாடம். மாணவிகளுக்குப் பிடிக்காது, கறுப்பு வெள்ளைப் படம் மாதிரி இருக்கிறது என்பார்கள். எனக்கு அதில் ஒரு நிம்மதி உண்டு. காப்பர் ஆக்சைடை எங்கிருந்து எடுத்தாலும், எப்படித் தயாரித்தாலும், நான்கு பங்கு காப்பருக்கு ஒரு பங்கு ஆக்சிஜன். மாறா விகித விதி. கெஞ்சினாலும் அதட்டினாலும் அது நாலேகால் ஆகாது.

41-ஆம் கேள்வி இது: காப்பர் ஆக்சைடு மூன்று வழிகளில் தயாரிக்கப்பட்டது. ஹைட்ரஜனில் சூடாக்கியபோது 2.00 கிராம் ஆக்சைடு 1.60 கிராம் காப்பரையும், 2.50 கிராம் 2.00 கிராமையும், 3.00 கிராம் 2.40 கிராமையும் தந்தன. இது எந்த விதியைக் காட்டுகிறது? அ) நிறை மாறா விதி, ஆ) மாறா விகித விதி, இ) மடங்கு விகித விதி, ஈ) எதுவுமில்லை.

சாருக்கு ஒரே கவலை, எந்தக் கேள்வியும் எந்தக் கைடிலும் இருக்கக் கூடாது. கடைகளில் கிடைக்கும் கைடுகளையெல்லாம் இரண்டு அட்டைப்பெட்டி நிறையக் கொண்டுவந்திருக்கிறார். தினமும் ஒவ்வொன்றாக எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கிறார்.

மார்ச் 22, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டோடு பேசலாம். வார்டன் அறையில் ஒரு தரைவழித் தொலைபேசி, ஸ்பீக்கரில்தான் பேச வேண்டும், காவலர் பக்கத்தில் நிற்பார். என் கணவர் மனோகர் பேசினார். "சாப்பிட்டியா" என்று கேட்டார். கேஸ் புக் செய்யும் எண்ணைக் கேட்டார். பிறகு, "ஃபோன் இல்லாம நீ எங்க இருக்கன்னே தெரியல" என்றார்.

என் கைபேசியின் வரைபடத்தில் நான் ஒரு நீலப் புள்ளி. அது அவருடைய கைபேசியிலும் தெரியும்படி போன வருடம் வைத்தார். ஒருநாள் பஸ் தாமதமாகிப் பயந்துபோனார், அதிலிருந்து. அக்கறைதான். என் தோழிகள் சிலர் பொறாமைப்படக்கூடச் செய்தார்கள்.

புள்ளி இப்போது அரக்கு வைத்த பைக்குள் அணைந்து கிடக்கிறது.

மார்ச் 25, புதன்

நேற்று வேதியியல் பகுதியை இறுதியாகச் சரிபார்த்துக் கையெழுத்திட்டேன்.

மதியம் சாப்பிடும்போது சார் கேட்டார்: "நம்ம காலேஜ் ஹாஸ்டலுக்கு வார்டன் வேணும். கேம்பஸ்லயே தங்கணும், குவார்ட்டர்ஸ் இருக்கு. உங்க பேரச் சொல்லலாம்னு இருக்கேன். வீட்டுக்காரர் என்ன சொல்வாரோ?"

"கேக்கணும் சார்."

"கேட்டா வேணாம்பாங்க. நிர்வாக உத்தரவா போட்டுடுவோம். ஆர்டர்னு வந்தா யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது பாருங்க."

அந்தக் குவார்ட்டர்ஸை எனக்குத் தெரியும். விடுதிக்குப் பின்னால், ஒரு அறை, ஒரு சமையலறை, பின்கதவைத் திறந்தால் கூடைப்பந்து மைதானம். இதை எழுதும்போதே அலமாரி எந்தச் சுவரில் நிற்கும் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். அசட்டுத்தனம்.

மார்ச் 28, சனி

தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை. வயிற்றுப்போக்கு. படுக்கையிலேயே கிடந்தேன். கீழே பணிமனையில் அச்சு இயந்திரம் ஓடும் சத்தம் கட்டிலின் கம்பி வழியாக முதுகுக்கு வருகிறது. சமையல் செய்யும் பவுன்தாய் அக்கா அரிசிக் கஞ்சி கொண்டுவந்து, குடித்து முடிக்கும்வரை இடுப்பில் கை வைத்து நின்றார்.

மார்ச் 31, செவ்வாய்

காலையில் வினாத்தாள் கட்டுகள் போய்விட்டன. இரண்டு லாரிகள், முன்னும் பின்னும் காவல் வண்டி. எல்லோரும் படியில் நின்று கைதட்டினோம். பெண்ணை அனுப்பிவைத்த வீடு மாதிரி விடுதி வெறிச்சென்று ஆனது.

மாலையில் பாழான தாள்களை எரிக்கும் வேலை. மை இழுவியவை, கோணலாக மடிந்தவை, பாதி வெள்ளையாக வந்தவை. தார் டிரம்மில் போட்டு ஒவ்வொரு கற்றையும் சாம்பலாவதைப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். நானும் பெனடிக்டா மேடமும் குச்சியால் கிளறிக்கொண்டிருந்தோம். வேதியியல் பக்கம் ஒன்று கையில் வந்தது. அச்சில் எப்படி வந்திருக்கிறது என்று பார்க்கும் ஆசையில் 41-ஐப் படித்தேன்.

மூன்றாவது ஆக்சைடு 3.00 கிராம் இல்லை. 3.20.

மை இழுவியதால் அப்படித் தெரிகிறதோ என்று இன்னொன்றை எடுத்தேன். பிறகு இன்னொன்று. மேடம், "முகத்துல சூடு அடிக்குது, தள்ளி நில்லுங்க" என்றார். ஒரு தாளை மட்டும் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன். விதிப்படி அதுவும் குற்றம்தான்.

ஏப்ரல் 1, புதன்

இரவெல்லாம் கணக்கு மனசுக்குள்ளேயே ஓடியது. முதல் இரண்டு சோதனைகளில் காப்பரும் ஆக்சிஜனும் நாலுக்கு ஒன்று. மூன்றாவதில் 3.20-இல் காப்பர் 2.40, ஆக்சிஜன் 0.80. மூன்றுக்கு ஒன்று. அணுக்களாக மாற்றிப் பார்த்தால் மூன்று காப்பருக்கு நான்கு ஆக்சிஜன் வருகிறது. அப்படியொரு ஆக்சைடைக் கையில் எடுத்துப் பார்த்தவர் யாரும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

காலைக் காப்பிக்கு முன்பே சாரின் அறைக்குப் போனேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் தாளைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார்.

"ஆமாம்மா, நான்தான் மாத்தினேன். ஒரு கைடுல இதே எண்ணுங்க வரிசையா இருந்துச்சு. நீங்க முடியாம படுத்திருந்தீங்க, எதுக்குத் தொந்தரவுன்னு கடைசி ஒண்ண மட்டும் மாத்திவிட்டேன். எண்ணுதானே?"

"எண் இல்ல சார். எடை."

"ரெண்டும் ஒண்ணுதானேம்மா?"

"எக்ஸுக்கு நீங்க எதை வேணா குடுக்கலாம் சார், அது வாங்கிக்கும். காப்பர் வாங்கிக்காது."

பேனாவை எடுத்துக் கழித்தார், வகுத்தார். கணக்கு வரவர முகம் மலர்ந்தது. "நாலுக்கு ஒண்ணு, மூணுக்கு ஒண்ணு. அப்ப ஒரே அளவு காப்பருக்கு ஆக்சிஜன் மூணுக்கு நாலு! அடடே, சின்ன முழு எண்ணா எவ்வளவு அழகா வருது பாருங்க!" சொல்லி முடித்ததும் அவருக்கே உறைத்தது. பேனாவை மூடினார். "அது வேற விதி இல்ல?"

"மடங்கு விகித விதி சார். ரெண்டு தனிமம் சேர்ந்து வேற வேற சேர்மம் தந்தா அப்படி வரும். நம்ம ஆப்ஷன்லயே இருக்கு. இ."

"நாம என்ன விடை வெச்சிருக்கோம்?"

"ஆ."

கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிவிட்டார். பிறகு குழந்தையைச் சமாதானப்படுத்துகிற குரலில் சொன்னார்: "பிள்ளைங்க யாரும்மா போட்டுப் பாக்கப்போறாங்க? மூணு வழில தயாரிச்சதுன்னு படிச்ச உடனே மாறா விகிதம்னு அடிச்சிட்டுப் போயிடுவாங்க. எல்லாரும் சரியாத்தான் எழுதுவாங்க."

அதுதான் என்னை உட்காரவைத்துவிட்டது. அவர் சொல்வது உண்மை. 'மூன்று வழி என்று வந்தால் மாறா விகிதம், இரண்டு ஆக்சைடு என்று வந்தால் மடங்கு விகிதம், எண்ணைப் பார்த்து நேரத்தை வீணாக்காதீர்கள்' என்றுதான் எல்லாப் பயிற்சி வகுப்பிலும் சொல்லித்தருகிறார்கள். கணக்குப் போடாதவர்கள் தப்பித்துவிடுவார்கள். போட்டவர்கள் மாட்டிக்கொள்வார்கள். இ என்று எழுதினாலும் ஈ என்று எழுதினாலும் மதிப்பெண் போகும். தப்பான விடைக்குக் கூடுதலாக ஒன்று கழிப்பார்கள்.

"தேர்வு மையங்களுக்குச் சொல்லி, அறையில அறிவிக்கச் சொல்லலாமே சார்?"

"பாப்போம்" என்றார்.

ஏப்ரல் 2, வியாழன்

சார் இன்று கைடுகளை அட்டைப்பெட்டியில் திரும்ப அடுக்கினார். என்னைப் பார்க்கவில்லை.

ஏப்ரல் 3, வெள்ளி

புனித வெள்ளி. பெனடிக்டா மேடம் கோயிலுக்குப் போக முடியாத வருத்தத்தில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஜெபமாலையோடு உட்கார்ந்திருந்தார். ஒரு வேளைக் கஞ்சி மட்டும் என்றார். வாங்கிவர அடுப்படிக்குப் போனேன்.

பவுன்தாய் அக்கா தனியாக இருந்தார். கஞ்சியில் தேங்காய்ப் பால் ஊற்றிக்கொண்டே, "இந்தப் பரிச்ச ரொம்பக் கஷ்டமா இருக்குமா டீச்சர்?" என்று கேட்டார்.

"ஏங்கக்கா?"

"எம் பொண்ணு கோபிகாவும் இதத்தான் எழுதுது. என் தங்கச்சி வீட்டுல விட்டுட்டு வந்திருக்கேன்."

உறுதிமொழித் தாளை ஆசிரியர்களிடம்தான் நீட்டினார்கள். அடுப்படிக்கு யாரும் கொண்டுபோகவில்லை. சமைக்கிறவருக்குப் பரீட்சை எழுதுகிற வயதில் பிள்ளை இருக்கும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கும்.

"இங்க யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"யாரு கேட்டா? நான் சோறு பொங்குறேன், அவ பரிச்ச எழுதுறா. ஒரு கேள்வித்தாளு எங் கண்ணுல பட்டுச்சா? பட்டாத்தான் எனக்குப் படிக்கத் தெரியுமா?" கரண்டி நின்றது. "ஏன் டீச்சர், தப்பா?"

"தப்பு உங்க பேர்ல இல்லக்கா. ஆனா இனிமே யார்கிட்டயும் சொல்லாதீங்க."

பயந்துவிட்டார். அவரைத் தேற்றுவதற்காக, நன்றாகப் படிப்பாளா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"படிப்பா. ஆனா ஒரு பழக்கம், எதையும் போட்டுப் பாக்காம நம்ப மாட்டா. ரேசன் கடையில அரிசி வாங்கியாந்தா பக்கத்துக் கடைத் தராசுல மறுக்காப் போடுவா. அந்தக் கடக்காரன் இவளக் கண்டாலே எடைக்கல்ல ஒளிச்சு வெச்சுக்குவான். போன வருசம் புஸ்தகத்துல ஒரு கணக்கு தப்புன்னு சொல்லி, வாத்தியார் வெளிய நிக்க வெச்சாரு."

"யாருடையது தப்பு?"

"புஸ்தகந்தான். தலைமை வாத்தியாரே ஒத்துக்கிட்டாரு. ஆனா வெயில்ல நின்னது நின்னதுதானே?"

கஞ்சிக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு படியேறினேன். பாதியில் சிந்தி விரல் சுட்டது.

ஏப்ரல் 5, ஞாயிறு

ஈஸ்டர். பவுன்தாய் அக்கா மேடத்துக்காகக் கேசரி செய்திருந்தார்.

மனோகர் பேசினார். "சுகந்தி, அப்பாவ இங்க கூட்டிட்டு வந்துட்டேன். இனிமே நம்மகூடத்தான்."

"சரிங்க."

"பகல்ல அவரப் பாத்துக்க ஆள் வேணும்ல? உங்க பிரின்சிபால்கிட்ட பேசிட்டேன், ஜூன்ல இருந்து நீ வர மாட்டேன்னு. நல்ல மனுசி, புரிஞ்சுக்கிட்டாங்க."

காவலர் சுவரில் எதையோ உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேக்குதா?"

"கேக்குதுங்க."

"மிக்சியோட சின்ன ஜார் மூடி எங்க வெச்ச?"

சொன்னேன்.

மதியம் விளையாட்டு மைதானத்துக்கு மயில்கள் வந்தன. பிளைவுட் இடுக்கில் ஒரு கண்ணை வைத்தால் தெரியும். சீமைக்கருவேலம் மூடிக்கிடக்கும் பழைய கோல் கம்பத்தின் மேல் ஒன்று ஏறி நின்றது. தோகை கீழே தொங்கிக் கம்பியில் சிக்கிக்கொள்ளும் என்று பார்த்தேன். சிக்கவில்லை. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது, மேடம் வந்து, "ஏன் அழுதிய?" என்று கேட்டபோதுதான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பிளைவுட் தூசி.

ஏப்ரல் 6, திங்கள்

துணி துவைத்தேன். மடித்தேன். மறுபடி பிரித்து மறுபடி மடித்தேன்.

ஏப்ரல் 8, புதன்

41-ஐப் பற்றி மட்டும் பெனடிக்டா மேடத்திடம் சொன்னேன். அக்காவின் மகளைப் பற்றிச் சொல்லவில்லை.

"ஒரு கேள்விக்காவ இவ்வளவு யோசிக்கியளா?" என்றவர், கொஞ்ச நேரம் கழித்து, "நம்ம பாடத்துல இப்படி ஆயிருந்தா நானும் தூங்க மாட்டேன்" என்றார்.

"நீங்கன்னா என்ன செய்வீங்க?"

"கையெழுத்துப் போட்டுருவேன். வெளிய போய் சாமியார்ட்ட பாவத்தச் சொல்லி பாவசங்கீர்த்தனம் பண்ணிக்கிடுவேன். எங்களுக்கு அந்த வசதி உண்டு. நீங்க என்ன செய்யப்போறியளோ!"

இருவரும் சிரித்தோம். அவர் நிறுத்திய பிறகும் என்னால் நிறுத்த முடியவில்லை.

ஏப்ரல் 10, வெள்ளி

சார் கூப்பிட்டு அனுப்பினார். விடைச் சாவிப் படிவங்கள் மேஜையில் இருந்தன. ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு கட்டம், ஒரு கட்டத்தில் ஒரே எழுத்து. கீழே பாட ஆசிரியரின் கையெழுத்து. ஞாயிறு காலை தேர்வு தொடங்கும் முன் எல்லோர் முன்னிலையிலும் கையெழுத்திட்டு உறையில் போட்டு அரக்கு வைப்பார்கள். இந்தச் சாவியை வெளியிடுவதில்லை. விடை தப்பு என்று எந்தப் பிள்ளையும் முறையிட வழியில்லை. நான் எழுதுவதுதான் முடிவு.

"41-க்கு ஆன்னு போட்டுடுங்கம்மா" என்றார்.

"ரத்துன்னு போட்டு எல்லாருக்கும் மார்க் குடுத்துடலாம் சார். யாருக்கும் நஷ்டமில்ல."

"ரத்துன்னா காரணம் எழுதணும். எழுதினா தேர்வுக் குழுவுல இருந்து ஆள் வருவாங்க. கையெழுத்தான பிறகு யார் மாத்தினா, உள்ள யார் யார் இருந்தா, யாருக்கு யார் சொந்தம், எல்லாம் கிளறுவாங்க. அடுப்படி வரைக்கும் போவாங்க."

அவர் எதையும் தெரிந்துகொண்டு அதைச் சொல்லவில்லை. பேச்சு வாக்கில் வந்த வார்த்தை.

"தப்பு என்னோடதுதாம்மா, இல்லேன்னு சொல்லல. நாப்பது வருஷம் ஒரு கரும்புள்ளி இல்லாம இருந்துட்டேன். கடைசியில ஒரு எண்ணுல போகணுமா?" அவர் கண் கலங்கியிருந்தது. நடிப்பில்லை. பிறகு தண்ணீர் குடித்துவிட்டு, வேறு பேச்சுக்கு மாறுவது போல, "வெளிய போனதும் உங்க வார்டன் ஆர்டரப் போடச் சொல்லிடறேன். அனுசரிச்சுப் போறவங்கதான் அந்த வேலைக்குச் சரி. அதான் முதல்லயே உங்களச் சொன்னேன்" என்றார்.

இரண்டையும் அவர் சேர்த்துச் சொல்லவில்லை. தனித்தனி வாக்கியங்கள். நடுவில் ஒரு டம்ளர் தண்ணீர்.

"சரிங்க சார்" என்று சொல்லியிருக்கிறேன். அறைக்கு வந்த பிறகுதான் அது எனக்குக் கேட்டது.

ஏப்ரல் 11, சனி

காலையிலிருந்து ஒரே வேலையாக யோசித்தேன். எழுதினால் தெளியும் என்று உட்கார்ந்திருக்கிறேன். வெளியே வெயில் வெள்ளையாக அடிக்கிறது.

ஆ என்று எழுதினால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. சார் நிம்மதியாக இருப்பார். பவுன்தாய் அக்காவின் பக்கம் யாரும் போக மாட்டார்கள். ஜூன் மாதம் நான் அந்தக் குவார்ட்டர்ஸில் இருப்பேன். உத்தரவு என்று வந்துவிட்டால் மனோகரால் ஒன்றும் சொல்ல முடியாது. பிரின்சிபாலிடம் அவர் பேசிவைத்ததும் அடிபட்டுப்போகும். நான் வாயைத் திறக்கவே வேண்டியதில்லை. இன்னொரு ஆண் கையெழுத்துப் போட்டு என்னை அந்த வீட்டிலிருந்து எடுத்து வெளியே வைத்துவிடுவார்.

'அந்த வீடு' என்று எழுதியிருக்கிறேன். அடிக்கவில்லை, அப்படியே இருக்கட்டும்.

ரத்து என்று எழுதினால் விசாரணை. சாரின் பெயர் போகும். வார்டன் வேலை போகும். அடுத்த வருடம் இந்த மாதிரி முகாமுக்கு யாரும் கூப்பிட மாட்டார்கள். இதெல்லாம் என்னோடு போகிற விஷயம். ஆனால் கோபிகா? அவள் அம்மா இங்கே சமைத்தார் என்று தெரிந்தால் அவள் எழுதிய தேர்வு முழுவதும் செல்லாது என்பார்கள். ஒரு கேள்வியில் அவளுக்கு நியாயம் செய்யப் போய் மொத்தத்தையும் பிடுங்கிக்கொள்வதாகிவிடும். நான் அவளுக்காகத்தான் கேள்வியை ரத்து செய்தேன் என்றும் பேசுவார்கள்.

அவளுக்காகத்தானா? பலமுறை கேட்டுக்கொண்டேன். அவளைப் பற்றித் தெரியாமல் இருந்திருந்தால், 'போட்டுப் பார்க்கிற பிள்ளைகள் சிலர் இருப்பார்கள், பாவம்' என்று நினைத்துவிட்டு ஆ என்று எழுதியிருப்பேன் என்றுதான் தோன்றுகிறது. முகம் இல்லாதவர்களுக்காக நான் எதையும் செய்கிறவள் இல்லை. அவள் முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை. அவள் நாளைக்கு அந்தக் கேள்விக்கு வந்ததும் பேனாவால் ஓரத்தில் கழிப்பாள், வகுப்பாள். நாலு. நாலு. மூணு. தான்தான் தப்பாகப் போட்டுவிட்டோம் என்று திரும்பப் போடுவாள். மூணு. அவளைப் போல இன்னும் எத்தனையோ ஊர்களில் எத்தனையோ பேர், தலையைக் குனிந்துகொண்டு. ஒருமுறை வெயிலில் நின்றவள், இந்த முறை தன்னையே சந்தேகப்பட்டு ஆ என்று எழுதிவிட்டால், அதற்கு நான் மதிப்பெண் வேறு கொடுப்பேன்.

பத்து மணிக்கு அக்கா மோர் கொண்டுவந்தார். "கேள்வியெல்லாம் லேசா இருக்குமா டீச்சர்?" என்று மறுபடி கேட்டார்.

"சொல்லக் கூடாதுக்கா."

"ஆமா, ஆமா. நான் ஒரு கிறுக்கி." போகப்போனவர் திரும்பினார். "அவ ராத்திரி சரியாத் தூங்கியிருப்பாளா?"

"தூங்கியிருப்பா."

டம்ளரை எடுத்துக்கொண்டு போனார். இங்கே கொடுத்த தாள்களில் மகள் பெயர் இருக்கிறதா என்று அவரிடம் கேட்க இருந்தது; கேட்கவில்லை. அவர் இந்த வேலைக்கு வந்தபோது கொடுத்த ஆதார் நகலில் ஊரும் கணவர் பெயரும்தான் இருக்கும், மகள் பெயர் இருக்காது என்பது எனக்கே தெரியும். அவள் தங்கியிருப்பதும் சித்தி வீட்டில். எங்கள் இருவரைத் தவிர இது தெரிந்தவர் இங்கே யாருமில்லை.

ஆகவே நாளைக் காலை 41-ஆம் கட்டத்தில் ரத்து என்று எழுதுவேன். பக்கத்தில் மூன்று வரிக் கணக்கும், நான் கையெழுத்திட்ட பிறகு எண் மாற்றப்பட்டது என்பதும். சாரைப் பார்க்காமல் எழுதிவிட வேண்டும். பார்த்தால் கை நின்றுவிடும். விசாரிக்க வருகிறவர்கள் முதலில் என்னிடம்தான் வருவார்கள். நடந்ததையெல்லாம் சொல்வேன். சமையல்காரருக்குத் தேர்வெழுதும் பிள்ளை உண்டா என்று கேட்டால், எனக்குத் தெரியாது என்பேன். தடுமாறாமல் சொல்ல வேண்டும். ஒரு எண்ணுக்காக இவ்வளவு பிடிவாதம் பிடித்தவள் இந்த ஒன்றில் பொய் சொல்வாள் என்று அவர்களுக்குத் தோன்றாது.

உத்தரவு எதுவும் வராது. ஜூனில் நான் வேலைக்கு வருகிறேன் என்று பிரின்சிபாலிடம் நானே போய்ச் சொல்ல வேண்டும், அதற்கு முன்னால் வீட்டில். அதற்கான வார்த்தைகள் இன்னும் வரவில்லை. நாளைக்கு எழுத வேண்டிய மூன்று வரிகள் வந்துவிட்டன. பெனடிக்டா மேடம் எதிர்க் கட்டிலில் உட்கார்ந்து பெட்டிக்குள் துணிகளை அடுக்கிக்கொண்டே, "என்ன முடிவு பண்ணியிருக்கிய?" என்று கேட்கிறார். தலைவலிக்கிறது மேடம் என்று மட்டும் சொன்னேன்.